அத்தைக்குக் கேட்காத மைக்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கணிப்பொறி ஊமையாகத்தான் வந்தது. அதற்கு முழுக் காரணம் அப்பாவின் நேர்மை.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. அப்போது திண்டுக்கல்லில் கணிப்பொறி வைத்திருந்தவர்களில் அநேகமாக எல்லோரும் திருட்டு சிடியிலிருந்து போட்ட மென்பொருளைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதை யாரும் திருட்டு என்று நினைக்கவில்லை. காய்கறிக்கடையில் கறிவேப்பிலை கொசுறு போடுவது போல, பெட்டியை விற்கிறவரே அதையும் போட்டுக் கொடுத்துவிடுவார். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். அது போதாதென்று ஞாயிறு பூசை முடிந்ததும் கோவிலில் சிறுபிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பும் எடுப்பவர். களவு செய்யக் கூடாது என்கிற ஏழாம் கட்டளையை வருடம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிற ஒருவரின் வீட்டுக்குள் அப்படிப்பட்ட சிடி நுழைவது எளிதல்ல.

கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த என் சித்தி மகன்தான் பழைய பெட்டி ஒன்றை எங்களுக்குப் பிடித்துக் கொடுத்து, மாட்டிவிடவும் வந்திருந்தான். அவன் பையிலிருந்து எடுத்த சிடியைப் பார்த்து அப்பா, இதற்குக் காசு கொடுத்தாயா என்று கேட்டார். இதுக்கெல்லாம் யாரு பெரியப்பா காசு குடுப்பா என்று அண்ணன் சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. அந்த சிடி வந்த பைக்குள்ளேயே திரும்பிப் போயிற்று. கணிப்பொறி ஒரு மாதம் பூவேலைத் துணி போர்த்தி, மேலே மாதா சுரூபம் வைத்து, கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது.

அடுத்த முறை அண்ணன் வந்தபோது ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியைக் கொண்டுவந்தான். இதை யாரும் யாருக்கும் கொடுக்கலாம், நகல் எடுக்கலாம், பாவமே இல்லை என்றான். அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. திரையில் வந்த உரிமப் பத்திரத்தை, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். அதை முழுக்க வாசித்த ஆள் எங்கள் ஊரில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். வாசித்து முடித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆதித் திருச்சபையில் கிறிஸ்தவர்கள் தங்களுக்கு உள்ளதையெல்லாம் பொதுவில் வைத்துக்கொண்டார்களே, அதே மாதிரி அல்லவா இருக்கிறது என்று சொல்லி, அண்ணனுக்கு இரண்டு முட்டை தோசை கூடுதலாகப் போடச் சொன்னார்.

ஆனால் அந்தப் புண்ணியவான் கணிப்பொறியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எதிர் வீட்டுப் பெட்டி காலையிலிருந்து சினிமாப் பாட்டாகக் கொட்டிக்கொண்டிருக்கும். எங்களுடையது வாயே திறக்காது. அம்மா பழனிப் பக்கத்துப் பாலசமுத்திரத்துக்காரி. கேலியைக்கூட மரியாதையோடுதான் சொல்வாள்.

"ஏனுங்க, திருட்டுக் கம்ப்யூட்டரெல்லாம் பாடுதுங்க. நம்ம நல்ல கம்ப்யூட்டருக்கு என்ன நோக்காடுங்க?"

கோளாறு எங்கே என்று அண்ணன் ஒரு பகல் முழுக்கத் தேடினான். ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தான், பெட்டியைத் திறந்து ஒலி அட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டினான். கடைசியில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதில் வரிசையாகச் சின்னச் சின்னத் தூண்கள். ஒவ்வொரு தூணின் அடியிலும் இரண்டு எம் எழுத்துகள். ஒலியை அடைத்து வைத்திருக்கிறது என்று அதற்கு அர்த்தமாம். லினக்ஸ் எல்லா வாயையும் மூடித்தான் கொடுக்குமாம். எது எது வேண்டுமோ அதை நாம்தான் திறந்துகொள்ள வேண்டுமாம். அண்ணன் ஒவ்வொரு தூணாகப் போய் எம் விசையைத் தட்டினான். திடீரென்று ஸ்பீக்கர் மணி அடித்தது. மாவு ஆட்டிக்கொண்டிருந்த அம்மா மாவுக் கையோடு ஓடிவந்தாள். அன்றைக்கு அந்தத் தூண்களைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்ற நான், பிறகு பிழைப்பையே அதில்தான் தேடிக்கொண்டேன்.

இவ்வளவு பாடும் பாட்டுக் கேட்பதற்காக அல்ல. சிஸ்டர் அத்தைக்காக.

சிஸ்டர் அத்தை அப்பாவுக்கு மூத்தவர், உடன்பிறந்த ஒரே அக்கா. தாயில்லாத வீட்டில் அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அப்பாவுக்குப் பத்து வயதானபோது கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டார். பயிற்சி முடிந்து, வெள்ளை உடுப்பும் முக்காடுமாக முதல் முறை ஊருக்கு வந்தபோது, அக்கா என்று ஓடிப்போன அப்பாவைத் தாத்தா தோளைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். இனிமேல் அக்கா என்று கூப்பிடக் கூடாது, அவர்கள் ஆண்டவருக்கு உரியவர்கள், சிஸ்டர் என்றுதான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் அநேக வீடுகளில் அதுதான் வழக்கம். சொன்னதைச் செய்கிற பிள்ளையான அப்பா, அன்றிலிருந்து சொந்த அக்காவை வாங்க, போங்க, சிஸ்டர் என்றே பேசி வந்தார். நாங்களும் அதற்கேற்ப சிஸ்டர் அத்தை என்றோம். அவர் இத்தாலியில் மலைமேல் இருக்கிற ஏதோ ஒரு சிற்றூரில், வயதான கன்னியர்களைப் பராமரிக்கிற இல்லத்தில் நர்சாக இருந்தார். ஊருக்கு வந்து பல வருடம் ஆகியிருந்தது.

அந்த மடத்துக்கு ஒரு கணிப்பொறியும், அதை இயக்கத் தெரிந்த ஓர் இளம் கேரளத்துச் சிஸ்டரும் வந்து சேர்ந்தார்கள். எங்கள் தெருவுக்கு பிராட்பேண்ட் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மதியச் சாப்பாடு முடித்து ஓய்வெடுக்கிற நேரம், நமக்குச் சாயங்காலம். அந்த ஒரு மணி நேரம் அத்தையோடு பேசலாம் என்று ஏற்பாடு.

பேகம்பூரில் ஒரு சின்னக் கடையில் அப்பா மைக் வாங்கிவந்தார். கழுத்து வளைந்த, மேசை மேல் நிற்கிற மைக். செருகிவிட்டுத் தூண்களில் மைக் என்று இருந்ததைத் திறந்து உயர்த்தினேன். அப்பா ஹலோ என்றார். ஸ்பீக்கரிலிருந்து ஹலோ என்று அவர் குரலே வந்தது. வீடு முழுக்க ஒரே சந்தோஷம். அம்மா ஒரு முறை பேசிப் பார்த்துவிட்டு, தன் குரல் இவ்வளவு கீச்சாகவா இருக்கிறது என்று வருத்தப்பட்டாள். ஞாயிறு சாயங்காலம் அத்தை இணைப்பில் வந்தார். அவர் பேசியது கூடத்தில் கணீரென்று கேட்டது. நாங்கள் பேசியது எங்களுக்கே கேட்டதே ஒழிய, அத்தைக்கு ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை.

அது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. மைக்கில் பேசியதை ஸ்பீக்கருக்கு அனுப்புவது ஒரு வழி, அதைக் கணிப்பொறி உள்ளே வாங்கிக்கொள்வது வேறொரு வழி. நாங்கள் முதல் வழியைத் திறந்து வைத்துவிட்டு, எங்கள் குரலை நாங்களே கேட்டு மகிழ்ந்துகொண்டிருந்தோம்.

ஆகவே ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. அத்தை பேசுவார், நாங்கள் கேட்போம். எங்கள் பதிலை நான் ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டி அனுப்புவேன். கேரளத்துச் சிஸ்டர் அதைத் தட்டுத்தடுமாறி வாசித்துக் காட்டுவார். அப்பா பக்கத்தில் நின்று, அரசாங்கத்துக்கு மனுப் போடுகிற தோரணையில் சொல்வார்: சிஸ்டருக்குத் தோத்திரம், இங்கு அனைவரும் நலம், தங்கள் உடல்நலம் அறிய ஆவல். அத்தை என் படிப்பைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் நான் யாருடைய பதிலுக்கும் காத்திருப்பதில்லை. பையன் நன்றாகப் படிக்கிறான் என்று தட்டிவிடுவேன். கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண் இத்தாலிவரை போகாமல் பார்த்துக்கொள்வது எனக்கு முக்கியமாக இருந்தது.

பதில் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடித்ததும் அப்பா, நீ போய் விளையாடு என்று என்னை அனுப்பிவிடுவார். அத்தை அதன் பிறகும் பேசுவார். தம்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான் என்று அவருக்குத் தெரியும். பனி பெய்தது, நூறு வயசுக் கிழவிச் சிஸ்டர் ஒருவர் மிட்டாயைத் தலையணைக்குள் ஒளித்து வைத்தது, அங்கே கொத்தமல்லிக் கீரை கிடைக்காதது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்வார்.

ஒருநாள் பந்தை எடுக்க ஜன்னலோரம் வந்தபோதுதான் கவனித்தேன். அப்பா பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு குரலில்.

"அக்கா, நீ மொழங்கால் வலின்னு ஒரு நாளும் சொல்ல மாட்ட. எனக்குத் தெரியாதாக்கும். அம்புட்டுப் படி ஏறி எறங்குற. கீழ ரூம் குடுங்கன்னு கேட்டாத்தான் என்ன? ஊரு ஒலகத்துக்கெல்லாம் கேப்ப, உனக்குன்னு வாயத் தொறக்க மாட்ட. சின்னதுலயும் இப்படித்தான நீ."

அத்தையின் குரல் அதைக் கொஞ்சமும் சட்டை செய்யாமல் கொத்தமல்லியைப் பற்றி மேலே போயிற்று. அப்பா அதற்கும் பதில் சொன்னார். அவர் ஒரு பாதையில், இவர் ஒரு பாதையில். ஆனாலும் இரண்டு பேரும் சேர்ந்து நடந்து போகிற மாதிரி இருந்தது. கேட்காது என்று தெரிந்ததால்தான் அப்பா பேசினார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பாவம், இவ்வளவும் வீணாகப் போகிறதே என்றுதான் தோன்றியது.

அம்மாவுக்கும் இது தெரிந்திருந்தது. "கேக்காத ஆளுகிட்ட இத்தன பேசறீங்க. கேக்கற காது ரெண்டு சமையல்கட்டுல சும்மாதானுங்க இருக்குது" என்று ஒருநாள் காப்பி கொடுக்கும்போது சொன்னாள். அப்பா காப்பி நன்றாக இருக்கிறது என்றார்.

மைக்கைச் சரிசெய்து இரண்டு பேரையும் அசத்திவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இணையத்தில் தேடுவேன். உலகம் முழுக்க இதே துன்பத்தில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதை அகராதி வைத்துக்கொண்டு வாசிப்பேன். யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார்: அந்தக் கறுப்புத் திரையில் எஃப் நான்கை அழுத்து, வேறு தூண் வரிசை வரும், அங்கே மைக் தூணுக்குப் போய் விசைப்பலகையின் நீளப் பட்டையைத் தட்டு. தட்டினேன். தூணின் அடியில் சிவப்பாக ஓர் எழுத்து வரிசை தோன்றியது. உள்ளே வாங்கிக்கொள்கிற வழி திறந்துவிட்டது. என் குரலைப் பதிவு செய்து, திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன். தெளிவாக இருந்தது. பெட்டியை அணைத்துப் போட்டாலும் போகாதபடி அதைச் சேமிக்கிற கட்டளையையும் கொடுத்துவைத்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தட்டச்சு முடிகிறவரை அந்த வழியை மூடியே வைத்திருந்தேன். போய் விளையாடு என்று அப்பா சொன்னதும், எழுகிற சாக்கில் திறந்துவிட்டு ஓடிப்போய் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டேன். இனி அப்பா வாய் திறந்ததும் அத்தை ஆச்சரியத்தில் கத்துவார், அப்பா பதறுவார், நான் உள்ளே போய் எல்லாப் புகழையும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அத்தை ஏதோ பாதிரியாரின் நாய்க்குட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏன்க்கா, உனக்கு நாயின்னா சின்னதுலயே பயமாச்சே" என்றார்.

நாய்க்குட்டிக் கதை பாதியில் நின்றது. ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா ஒன்றும் அறியாமல் பேசிக்கொண்டே போனார். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, குளிருக்குக் காலுறை போட்டுக்கொள், கீழ் அறை கேள் என்று வழக்கமான கண்டிப்பு. வாக்கியத்துக்கு வாக்கியம் அக்கா, அக்கா. நீண்ட நேரம் கழித்து அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து நாய்க்குட்டியைத் தொடர்ந்தார். சளி பிடித்த மாதிரி இருந்தது குரல். கத்தவில்லை. ஆச்சரியப்படவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா காப்பிக்கு எழுந்து போனதும் உள்ளே போய், அத்தை, அப்பா பேசியது கேட்டதா என்று தட்டினேன். கேரளத்துச் சிஸ்டர் வாசித்துச் சொன்னது கேட்டது.

"இல்லையேப்பு. ஒன்னுமே கேக்கலையே" என்றார் அத்தை. பிறகு, "நீ சின்னப்புள்ள, எதுக்கு இதப்போட்டு நோண்டிக்கிட்டு? இப்ப எப்படி இருக்கோ அப்படியே வச்சிரு. எதையும் தொடாத, என்ன?"

தோற்றுப்போன பிள்ளைக்குச் சொல்கிற ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன். இங்கே பதிவாகிறது, அங்கே கேட்கவில்லை என்றால் கோளாறு நடுவில் கடலுக்குள் எங்கோ இருக்கிறது என்று முடிவு கட்டினேன். காலாண்டுப் பரீட்சை வந்ததால், தொடாதே என்று சொன்னதைக் கொஞ்ச காலம் கேட்டும் நடந்தேன்.

அந்த வாரங்களில்தான் எங்கள் வீட்டில் அற்புதங்கள் நடக்க ஆரம்பித்தன.

முதலில், மடத்துத் தலைவியான மதரிடம் சொல்லிக் கீழ் அறைக்கு மாறிவிட்டதாக அத்தை போகிற போக்கில் சொன்னார். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நீ எழுதினாயா என்று கேட்டார். நான் எழுதவில்லை. அடுத்த வாரம், காலுறை மூன்று ஜோடி வாங்கியிருப்பதாகச் சொன்னார். அம்மாவுக்கு இதில் குழப்பமே இல்லை. "சிஸ்டருங்க ஜெபத்துல உக்காந்தாங்கன்னா இங்க நடக்கறது அத்தனையும் தெரியுமுங்க. ஆண்டவரு காட்டிக் குடுத்துருவாரு" என்றாள். அப்பா மறுக்கவில்லை. ஞானோபதேச வகுப்பில் ஜெபத்தின் வல்லமையைப் பற்றிச் சொல்லும்போது, பெயர் குறிப்பிடாமல், எனக்குத் தெரிந்த ஒரு கன்னியாஸ்திரி என்று ஆரம்பித்தார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து பெருமையோடு கேட்டேன். கூடவே எனக்கு ஒரு பயமும் வந்துவிட்டது. கீழ் அறையைக் காட்டிக் கொடுத்த ஆண்டவர் என் கணக்கு மதிப்பெண்ணையும் காட்டிக் கொடுக்க எவ்வளவு நேரமாகும்? அடுத்த ஞாயிறு நானே முந்திக்கொண்டு, கணக்கில் தோற்றுவிட்டேன் அத்தை என்று தட்டிவிட்டேன். அத்தை வெகுநேரம் சிரித்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. வெளியே நிற்க முடியாமல் நான் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அப்பா மைக்கைப் பார்த்துக்கூடப் பேசவில்லை. தரையைப் பார்த்துப் பேசினார்.

"அக்கா, நீ மடத்துக்குப் போன அன்னைக்கு ஒன் ஒத்தச் செருப்பு காணாமப் போச்சுல்ல. வீடே தேடுச்சு. அத எடுத்து வைக்கப்படப்புக்குள்ள சொருகுனது நாந்தான். செருப்பு இல்லாட்டி ஒன்னைய வண்டியில ஏத்த மாட்டாகன்னு நெனச்சேன். நீ அடுத்த வீட்டு அம்மா செருப்பப் போட்டுக்கிட்டுப் போயிட்ட. ரெண்டு சைசு பெருசு அது. டப்பு டப்புன்னு அடிச்சுக்கிட்டே போன."

அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை. அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். ஸ்பீக்கரில் அத்தை அப்போது ஒன்றுமே பேசவில்லை. அங்கேயும் மழையோ என்னவோ என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் தட்டச்சு வேலை முடிந்து நான் எழுவதற்குள் அத்தை சொன்னார்:

"தம்பி, ஒன்னு ஞாவகம் வந்துச்சு. நான் மடத்துக்குக் கெளம்புன அன்னைக்கு ஒத்தச் செருப்ப ஒரு நாய் தூக்கிட்டுப் போயிருச்சு, தெரியுமா? சின்ன நாயிதான். அது மேல எனக்கு அன்னைக்கும் கோவமில்ல, இன்னைக்கும் கோவமில்ல. என்னைய ஊர்ல ரொம்பத் தேடுனது அந்த நாயாத்தான் இருக்கும்."

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, மாதா சுரூபத்துக்கு முன்னால் போய் நின்றார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன். மூன்று பேரும் ஓர் அற்புதத்தைக் கண்ணால் பார்த்த நிறைவோடு அன்று இரவு கோழிக்குழம்பு சாப்பிட்டோம்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அண்ணன் வந்தான். நான் என் மைக் துயரத்தைச் சொன்னேன். பழைய பதிப்பு அப்படித்தான் மக்கர் பண்ணும், இதில் எல்லாம் தானாக வேலை செய்யும் என்று பையிலிருந்து புதிய சிடி ஒன்றை எடுத்தான். எதையும் தொடாதே என்று அத்தை சொன்னது எனக்கு நினைவு வராமல் இல்லை. அது சரியாகாததைத் தொடாதே என்பது, இது சரியாக்குவது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். பெட்டியின் வன்வட்டை முழுக்க அழித்தோம். நான் தேடிப் பிடித்துத் திறந்து, சேமித்து வைத்திருந்த எல்லாமும் அதோடு போயிற்று. புதியது வந்ததும் ஸ்பீக்கர் முதல் முயற்சியிலேயே மணி அடித்தது. மைக்கில் ஹலோ என்றேன். ஸ்பீக்கரில் என் குரல் வந்தது. ஒருமுறை ஏமாந்த அதே இடம். அது எனக்குத் தெரிந்தே இருக்க வேண்டும். ஆனால் வெளியே அண்ணன் குடில் கட்ட மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தான், எனக்கு அங்கே போகிற அவசரம். எப்படியும் அத்தைக்குக் கேட்கப்போவதில்லை, இது போதும் என்று விட்டுவிட்டேன். எஃப் நான்கையும் நீளப் பட்டையையும் அழுத்த ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஞாயிறு வந்தது. அப்பா பேசினார். வழக்கத்தைவிட அதிகமாகவே பேசினார், பங்குச் சாமியார் கோவில் பாட்டுப் பயிற்சியில் தன்னை வையாமல் வைததைப் பற்றி. அத்தை அன்று கதை எதுவும் சொல்லவில்லை. இடையிடையே, "தம்பி, இருக்கியா?" என்று மட்டும் கேட்டார். அதுவரை அவர் அப்படிக் கேட்டதே இல்லை. "இருக்கேன்க்கா, எங்க போகப்போறேன்" என்றார் அப்பா. சற்றுப் பொறுத்து மறுபடியும், "இருக்கியாப்பா?"

அத்தைக்கு எல்லாமே கேட்டிருந்தது என்பதை அவர் வாயாலேயே நான் அறிந்தது வெகுகாலம் கழித்து. இத்தாலியிலிருந்து ஓய்வுபெற்றுத் திண்டுக்கல் மடத்துக்கே வந்துவிட்டார். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். அப்பா எழுந்து நின்று, வாங்க சிஸ்டர், உட்காருங்க சிஸ்டர் என்று நாற்காலியைத் துடைத்துப் போடுவார். அத்தையும் நன்றி சொல்லி உட்காருவார். அப்படி ஒருநாள், அப்பா அவருக்கென்று முறுக்கு வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தபோது என்னிடம் சொன்னார். வெட்கத்தோடுதான் சொன்னார், சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"கேக்குதுன்னு சொல்லியிருந்தா அடுத்த நிமிசம் சிஸ்டர்னுருவான். அவன் வாயால அக்காங்கிறதக் கேட்டு எத்தன வருசமாச்சு எனக்கு. பொய்யின்னு தெரிஞ்சேதான் சொன்னேன். வாரா வாரம் பாவசங்கீர்த்தனத்துலயும் சொன்னேன். இனி செய்யமாட்டேன்னு சொல்லும்மான்னாரு ஃபாதரு. அத மட்டும் கேக்காதீக, அடுத்த ஞாயித்துக்கெழமையும் சொல்லுவேன்னுட்டேன். அவருக்கே சிரிப்பு வந்துருச்சு."

பிறகு அது எப்படி நின்றுபோயிற்று என்று அத்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். அத்தை என் கையைத் தட்டிக்கொடுத்து, "கெடச்சவரைக்கும் போதும்ப்பு" என்றார். வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்பாவிடம் இதை நாங்கள் இருவருமே சொல்லவில்லை. அவருக்கு இன்றைக்கும் அது தூய ஆவியின் வேலை. வகுப்பில் அதைச் சொல்லியே பல பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கிறார்.

எனக்கு மட்டும் அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறை ஞாயிறு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அப்பா காப்பிக்கு எழுந்து போயிருந்தார். நான் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்ததை, நான் தட்டிய தோத்திரத்தை வைத்துத் தெரிந்துகொண்ட அத்தை, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, அவசரமாகக் கேட்டார்:

"அப்பு, அந்தக் கம்ப்யூட்டர்ல எதையாச்சும் மாத்துனியா?"

ஆமாம் அத்தை, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புத்தம் புதிதாகப் போட்டிருக்கிறோம், முன்னைவிட எவ்வளவோ நன்றாக இருக்கிறது என்று பெருமையாகத் தட்டினேன்.

"பழையபடி வைக்க முடியாதாப்பு?"

எனக்கு வேடிக்கையாக இருந்தது. பழையதிலும்தான் உங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையே அத்தை, அது எதற்கு என்று தட்டி அனுப்பினேன்.

கேரளத்துச் சிஸ்டர் அதை ஒவ்வொரு சொல்லாக வாசித்து முடித்தார். அதற்குப் பிறகு அங்கிருந்து சத்தமே இல்லை. நான் காத்திருந்தேன். ஸ்பீக்கரில் இரைச்சல்கூட அடங்கிவிட்டது போல இருந்தது. புதிய பதிப்பிலும் கோளாறா என்று எனக்கு எரிச்சல் வந்தது. கறுப்புத் திரையைத் திறந்து தூண்களையெல்லாம் பார்த்தேன்; எல்லாம் உயரமாகத்தான் நின்றன. ஒலியைக் கூட்டினேன். பிறகு குனிந்து, பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, ஸ்பீக்கர் வயரை இன்னொரு முறை நன்றாக அழுத்திச் செருகினேன்.